பாட்டியின் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்?

முன்னோரைத் தேடும் வாசகர்களின் கேள்விகளுக்கு, பத்திரப்பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் பதில் சொல்கிறார். கடிதங்களில் இருந்த குடும்பப் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் பாட்டிக்கு ஒரு சித்தி இருந்தாராம். வீட்டில் ஏதோ சண்டை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போய்க் கப்பலேறிவிட்டார் என்பார்கள். 'நேட்டால்' என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறது. பாட்டி பிறந்தது 1895. சித்தியின் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் கிராமத்தையும் தனியே எழுதியிருக்கிறேன். ஊரில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'ஓடிப்போனவள்' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இவ்வளவை வைத்துக்கொண்டு எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?
– ஆரணி வாசகி

பதில்: முடியும் அம்மா. ஊர், தகப்பனார் பெயர், போன நாடு மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. எனக்கு வரும் பல கடிதங்களில் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

நேட்டால் என்பது தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை அனுப்பியது 1860 முதல் 1911 வரை. நடுவில் 1866-லிருந்து 1874 வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. சென்னையில் புறப்பட்டு, 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. மொத்தமாகப் போனவர்கள் 1,52,000-க்கும் மேல். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். உங்கள் பாட்டி பிறந்த ஆண்டை வைத்துப் பார்த்தால், சித்தி போனது 1885-க்கும் 1911-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம்.

போய் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் வாரியாகப் பதிவேடு எழுதினார்கள். நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்: அந்தப் பதிவேட்டில் பெண்ணுக்குத் தனி எண், தனி வரி. 'இன்னார் மனைவி' என்று புருஷன் வரியின் ஓரத்தில் ஒதுக்கிவிடவில்லை. அவள் பெயர், அவளுடைய தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வலது முழங்காலில் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம், நெற்றியில் பச்சை குத்தியது என்று எழுதியிருப்பார்கள். என் வேலைக்காலம் முழுவதும் பதிவு அறையில் பழைய ஏடுகளைப் புரட்டியிருக்கிறேன். அதே 1890-களில் நம் ஊரில், நிலமில்லாத வீட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றி இதில் பாதி விவரம்கூட ஒரு காகிதத்திலும் கிடையாது. ஊரிலேயே இருந்த உங்கள் கொள்ளுப்பாட்டியைவிட, ஊரைவிட்டுப் போன அவருடைய தங்கையைக் கண்டுபிடிப்பது எளிது.

அன்பினால் எழுதிய ஏடு இல்லை அது. காசு கட்டி வரவழைத்த ஆள் மாறிவிடக் கூடாது, தப்பி ஓடினால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. மச்சத்தையும் தழும்பையும் எழுதியதன் காரணம் அதுதான். ஆனால் நமக்கு வேறு ஏடு இல்லை. படிக்கும்போது யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும் முறையைச் சொல்கிறேன். இந்தப் பதிவேடுகளை டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது. பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியவை அந்தப் பெயர்கள். முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், பொன்னுசாமி பூனுசாமி ஆகியிருப்பார். உங்கள் சித்தியின் பெயரைப் பத்து விதமாக எழுத இடமுண்டு. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா ஆரணி, பால் பெண், வயது 18 முதல் 30 வரை என்று முதலில் சுருக்குங்கள். வருகிற வரிகளில் கிராமத்தின் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத ஊர்ப் பெயர் காதுக்குப் பிடிபடும். அடுத்து தகப்பனார் பெயர். அதற்கும் அடுத்துப் பாருங்கள், அவருடைய எண்ணுக்கு அடுத்த எண்ணில் ஒரு குழந்தை இருக்கிறதா என்று. தாயும் பிள்ளையும் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில்தான் வருவார்கள். ஊரும் தகப்பனாரும் குழந்தையும் பொருந்தினால், பெயர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அவர்தான்.

அந்த எண் கிடைத்துவிட்டால் அதைப் பத்திரப்படுத்துங்கள். நேட்டாலில் அவர் எங்கே போனாலும் அந்த எண் கூடவே போயிருக்கும். எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், ஐந்தாண்டு ஒப்பந்தம் எப்போது முடிந்தது, ஊர் திரும்பினாரா என்பதையெல்லாம் அதை வைத்தே தேட வேண்டும். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய அலுவலகக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கூலி பாக்கி, அடி உதை, கல்யாணப் பதிவு, வேறு தோட்டத்துக்கு மாற்றம் கேட்ட மனு எல்லாம் அவற்றில் வரும். பெண்கள் நேரில் போய்ச் சொன்ன புகார்களும் உண்டு. இன்னொன்று, தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் அவருடைய உடைமையைத் தீர்ப்பதற்கு மரண அறிவிப்புப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். பெற்றோர் பெயர், பிறந்த இடம், மணந்தவர், பிள்ளைகள் எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள். கைக்குழந்தையாகப் போனவர் அங்கே வாழ்ந்து மடிந்திருந்தால், அந்தப் படிவத்தில் தாயின் பெயர் இருக்கும். அங்கிருந்து இன்றைய வாரிசுகள் வரை வந்துவிடலாம்.

கடைசியாக, அந்த 'ஓடிப்போனவள்' என்ற பேச்சு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதற்காகவே ஆள் பிடிக்கும் தரகர்கள் சந்தையிலும் சத்திரத்திலும் தனியாக வந்த பெண்களைத் தேடினார்கள். விதவைகள், புருஷன் கைவிட்டவர்கள், மாமியார் வீட்டில் அடிபட்டவர்கள் என்று பலர் அப்படித்தான் போனார்கள். நேட்டாலில் முதல் ஆண்டு ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங் கூலி, பெண்ணுக்கு அதில் பாதி. அந்தப் பாதிக் கூலியை நம்பிக் கைக்குழந்தையோடு கடல் தாண்டுகிற அளவுக்கு ஊர் அவரை என்ன பாடு படுத்தியதோ. உங்கள் வம்சாவளியில் அவர் பெயரை மற்றவர்களுக்குச் சமமாக எழுதுங்கள். கேட்பவர்களுக்கு எண்ணோடு சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவில் வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று இருக்கிறது, கிராமத்தின் பெயரும் இருக்கிறது. தமிழ்நாட்டு வரைபடத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நாங்கள் தமிழர்கள்தாமா என்றே பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– டர்பன் வாசகர் (தமிழ்ப் பள்ளி ஆசிரியர் உதவியுடன் எழுதியது)

பதில்: ஆந்திரப் பிரதேச வரைபடத்தில் தேடுங்கள் ஐயா. சித்தூர் தனி மாவட்டமானது 1911-ல். அதற்கு முன்னால் சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்கள் வட ஆற்காட்டில் இருந்தன. அங்கே அன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே வாழ்ந்தன, இன்றும் அப்படித்தான். ஆகவே ஊர் ஆந்திரத்தில் இருப்பதால் மட்டும் நாம் தமிழர் இல்லை என்று ஆகிவிடாது என்று பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லலாம்.

மீதி வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூர்ப் பகுதி 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. தென்னாற்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்து, விழுப்புரத்திலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி பிறந்தது. உங்களைப் போலக் கேட்டு எழுதும் மற்றவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். பதிவில் உள்ள ஜில்லாவை இன்றைய மாவட்டமாக நினைத்துக்கொண்டு வந்து இறங்குபவர்கள் வேறு ஊரில் அலைகிறார்கள்.

ஊருக்கு வந்தால் நேராகக் கலெக்டர் அலுவலகம் போகாதீர்கள். உங்கள் வீட்டில் எந்தச் சாமிக்குப் பொங்கல் வைக்கிறீர்கள், பிள்ளைக்கு முதல் மொட்டை எந்தச் சாமி பெயரைச் சொல்லி அடிக்கிறீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பங்காளிகள் எல்லாருக்கும் குலதெய்வம் ஒன்றுதான். கிராமத்தின் பெயர் மாறலாம், ஊரே பெயர்ந்து போயிருக்கலாம். குலதெய்வக் கோயில் பெரும்பாலும் அதே மரத்தடியில் இருக்கும். அந்தக் கோயிலில் பூசாரியிடம் கேட்டால் பங்காளி வீடுகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று சொல்லிவிடுவார்.

கேள்வி: தந்தை வழியில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயர் எங்களிடம் இருக்கிறது. அம்மாவின் அம்மாவுக்கு அம்மா யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கும்பகோணம் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பம் என்பது மட்டும் தெரியும். பத்திரங்களில் பெண்கள் பெயர் வருமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: நிலம் இருந்தது என்கிறீர்கள், அப்படியானால் வழி இருக்கிறது. என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் பத்திரப்பதிவு 1865-லிருந்து நடக்கிறது. சொத்துப் பத்திரங்களின் நகல் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதற்குப் பெயர் அட்டவணை ஒன்றும் சொத்து அட்டவணை ஒன்றும் உண்டு. 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகல் கேட்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயில்கள் 3-ஆம் புத்தகம். எழுதியவர் காலமான பிறகு அதற்கும் நகல் கேட்கலாம். அண்மை ஆண்டுகளின் வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது. பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்துக்குப் போய் மனு போட வேண்டும். கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் அப்போது இருந்தது என்று முதலில் விசாரியுங்கள். எல்லைகள் பல முறை மாறியிருக்கின்றன.

எல்லாரும் கிரயப் பத்திரத்தைத்தான் தேடுவார்கள். 'இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம்' என்று அதில் ஆண்கள்தான் வரிசையாக வருவார்கள். பெண்களைத் தேட வேறு பத்திரங்கள் இருக்கின்றன. புருஷன் இளம் வயதில் போய், பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், 'மைனருக்குத் தாயாரும் கார்டியனுமாகிய' என்று அந்த அம்மாவின் பெயர் வரும். பிள்ளையில்லாத விதவைக்குக் குடும்பத்தார் எழுதிக்கொடுத்த ஜீவனாம்சப் பத்திரம் இருக்கும். இத்தனை கலம் நெல், இத்தனை ரூபாய், வீட்டில் இன்ன அறை என்று அவள் வாழ்க்கை முழுவதும் அதில் அளந்து வைத்திருப்பார்கள். படிக்கும்போது எனக்குப் பல முறை நெஞ்சை அடைத்திருக்கிறது. மகளுக்குத் தகப்பனார் கல்யாணத்தில் நிலம் எழுதி வைத்திருந்தால் செட்டில்மெண்ட் பத்திரம். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு விடுதலைப் பத்திரங்கள் பெருகின. தகப்பனார் சொத்தில் மகள்களுக்கும் பங்கு வந்ததும், அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பங்கை விட்டுக்கொடுக்கச் சொன்ன பத்திரம்தான். ஆனால் எல்லாப் பெண்களும் புருஷன் பெயரோடும் வாழ்க்கைப்பட்ட ஊரோடும் ஒரே இடத்தில் கிடைப்பது அதில்தான். உங்கள் பாட்டியின் தலைமுறைக்கு முதலில் அதைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரத்தில் செக்குபந்தி வரும். 'வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் பாகத்து நஞ்சைக்குக் கிழக்கு' என்று நான்கு எல்லையும் சொல்லியிருக்கும். பாகப்பிரிவினை ஆன குடும்பத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் அண்ணன், தம்பி அல்லது சிற்றப்பா. அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவற்றைப் பெயர் அட்டவணையில் தேடுங்கள். சாட்சிக் கையெழுத்துகளையும் பாருங்கள். பெண் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் சாட்சி பெரும்பாலும் அவளுடைய அண்ணனோ தம்பியோதான். தன் பிறந்த வீட்டு ஆள் இல்லாமல் அந்தக் காலத்துப் பெண் கைநாட்டு வைக்க மாட்டாள். அந்தச் சாட்சியின் தகப்பனார் பெயரும் ஊரும் கிடைத்தால், அவளுடைய பிறந்த வீடு கிடைத்துவிட்டது.

பழைய கிராமப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் பல சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்திருப்பார்கள். 'பெண்' என்று மட்டும் இருக்கும். ஆகவே குழந்தையின் பெயரைத் தேடாமல் தகப்பனார் பெயரைத் தேடுங்கள்.

உங்கள் குடும்பத்தில் தர்ப்பணம், சிராத்தம் செய்யும் வழக்கம் இருந்தால் மாமாவிடம் கேளுங்கள். தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயரும் அதில் சொல்லப்படும். புரோகிதரின் நோட்டில் எழுதி வைத்திருப்பார். ஏழு தலைமுறை ஆண்களை ஒப்பிக்கிற குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்கள் அந்த நோட்டில் இருக்கக் கூடும்.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டி 'தாது வருஷம் ஆடி மாசம்' பிறந்ததாகச் சொல்வார்கள். ஆங்கில ஆண்டு எது?
– சேலம் வாசகர்

பதில்: 1876, ஜூலை–ஆகஸ்டு. அறுபது ஆண்டுச் சுற்றில் அடுத்த தாது 1936–37. கொள்ளுப்பாட்டிக்கு அது பொருந்தாது. தாது வருஷப் பஞ்சம் என்று சேலம் ஜில்லாவே நடுங்கிய பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. அப்போது பிறந்து பிழைத்த குழந்தை என்றால் அந்தக் குடும்பத்தில் அதற்கு ஒரு கதை இருக்கும், கேட்டு எழுதுங்கள். வருவாய்க் கணக்குகளில் பசலி என்று இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு இருந்தால் 825-ஐக் கூட்டினால் போதும், அதிகம் போனால் ஓர் ஆண்டு பிசகும்.

கேள்வி: தாத்தா 1930-களில் கங்காணியோடு மலாயா வந்தவர். நேட்டால்காரர்களுக்கு இருப்பது போல எங்களுக்கு ஏன் எந்தப் பதிவேடும் கிடைப்பதில்லை? தாத்தாவின் தம்பியை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை.
– சுங்கை பட்டாணி வாசகர்

பதில்: மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கங்காணி தன் ஊருக்கு வந்து, தனக்குத் தெரிந்த வீடுகளிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போனார். 1938-ல் இந்திய அரசு அதைத் தடுத்தது. ஆளுக்கு ஒரு ஒப்பந்தம் இல்லாததால் ஆளுக்கு ஒரு பதிவும் அப்படி நிற்கவில்லை. ஆனால் அதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. கங்காணி சேர்த்தது பெரும்பாலும் தன் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்தவர்களை. தாத்தாவின் ஊர் தெரியாவிட்டால் கங்காணியின் ஊரைத் தேடுங்கள். கங்காணி குடும்பங்கள் ஊரோடு போக்குவரத்து வைத்திருந்தன. நிலம் வாங்கின, கோயிலுக்குக் கொடுத்தன, கல்லில் பெயர் பொறித்தன. அதே தோட்டத்தில் இருந்த மற்றக் குடும்பங்களிடமும் அவர்களுடைய ஊரைக் கேளுங்கள். ஒரே ஊர் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் தாத்தாவும் அந்தப் பக்கம்தான்.

காகிதம் என்று பார்த்தால், தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், 1948-ல் தொடங்கிய அடையாள அட்டை, பிறகு குடியுரிமைக்குக் கொடுத்த மனு ஆகியவற்றைத் தேடுங்கள். பாட்டியின் பெயரும் பிள்ளைகளின் சான்றுகளில் கிடைக்கும். தாத்தா நடுவில் ஊருக்கு வந்து போயிருந்தால் பாஸ்போர்ட்டும் இருக்கும். ரஜூலா கப்பல் டிக்கெட்டைக்கூட டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த வீடுகள் உண்டு.

தம்பி விஷயத்தில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. 1942–43-ல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களை யாரும் பெயர் பெயராக எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றிய ஒரே ஆவணம் உங்கள் குடும்பத்தின் நினைவுதான். எந்தத் தோட்டம், எந்த வயது, யாரோடு போனார், கடைசியாக யார் பார்த்தார்கள் என்று எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்; சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.

கேள்வி: ஃபிஜியிலிருந்து ஒரு குடும்பம் எங்களைத் தேடி எழுதியிருக்கிறது. அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவும் எங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒருவரே. ஊரில் மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு 1908-ல் போனவர், அங்கே மறுபடி மணம் செய்துகொண்டிருக்கிறார். எங்கள் கொள்ளுப்பாட்டி கடைசி வரை அவர் வருவார் என்றே இருந்தவர். 82 வயது அம்மாவிடம் இதைச் சொல்லலாமா? அவர்களுக்குப் பதில் எழுதவே கை வரவில்லை.
– மதுரை வாசகர்

பதில்: சொல்லுங்கள் தம்பி. உங்கள் அம்மா 82 வயதில் இதைத் தாங்கமாட்டார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெண்கள் பாதி விஷயத்தை ஏற்கெனவே அறிந்துதான் இருப்பார்கள். கோபம் வந்தால் வரட்டும், அது நியாயமான கோபம். ஃபிஜியில் இருப்பவர்கள் மேல் அதைக் காட்டாதீர்கள், அவ்வளவுதான். அவர்களும் அந்த மனிதரின் வாரிசுகள்தாம். தேடி எழுதியிருக்கிறார்கள் என்றால் நல்ல மனதுக்காரர்கள்.

பதில் எழுதும்போது அவர்களிடம் ஒன்று கேளுங்கள். ஃபிஜிக்குப் போன ஒவ்வொருவருக்கும் குடியேற்றப் பாஸ் என்று ஒரு தாள் உண்டு. சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. அந்தப் படிவத்தில் நெருங்கிய உறவினர் யார் என்பதற்கும், மணமானவரானால் மனைவி பெயர் என்ன என்பதற்கும் இடம் விட்டிருப்பார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பாஸில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறுமையாக இருக்கலாம். எழுதியிருந்தால் அது உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர். கப்பலேறும்போது அவரை மனைவி என்று சொல்லிவிட்டுப் போனாரா, இல்லையா என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

கேள்வி: புதுச்சேரியில் எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். நாங்கள் தமிழர்கள். இது எப்படி வந்தது, எங்கே பார்ப்பது?
– புதுச்சேரி வாசகர்

பதில்: 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. அவரவர் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு உட்பட விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அப்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டது அப்படித்தான். நீதிமன்றத்துக்குள் சப்பாத்து அணிந்து போகக் கூடாது என்று தடுத்ததை எதிர்த்துப் பாரிஸ் வரை போய் வென்றவர் அவர். உங்கள் குடும்பத்தின் பதிவைக் குடிமைப் பதிவேடுகளில் 1881-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தேடுங்கள். பழைய தமிழ்ப் பெயரும் புதிய பெயரும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். பழைய பெயர் தெரிந்துவிட்டால் அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குப் போகலாம். கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளின் ஆவணங்கள் தெற்கு பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நிலமும் இல்லை, யாரும் கப்பலும் ஏறவில்லை. எதைத் தேடுவது?
– விருதுநகர் வாசகி

பதில்: மொய் நோட்டு. உங்கள் வீட்டில் நடந்த பழைய கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் மொய் எழுதிய நோட்டு இருந்தே தீரும். ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். தாய்மாமன் மொய் முதலில் வரும். அதிலிருந்து பாட்டியின் பிறந்த ஊர் தெரிந்துவிடும். அத்தை, சித்தி வாழ்க்கைப்பட்ட ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அதில் பொய்யும் இருக்காது, விட்டுப்போனதும் இருக்காது. அதே பெட்டியில் கருமாதிப் பத்திரிகைகள் இருந்தால் எடுத்து வையுங்கள். மகன், மருமகன், பேரன் என்று உறவு முறையோடு அச்சடித்திருப்பார்கள்.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். பூச்சி அரித்த நோட்டு என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடப் போகிறார்கள். வீட்டில் இன்றே சொல்லி வையுங்கள். படிக்க முடியாத பக்கம் இருந்தால் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் படித்துச் சொல்கிறேன்.